சேரிக்குத் திரும்பும் வழி: கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் நாமும்

இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு, திருவண்ணாமலை



தாத்தா இரட்டைமலை சீனிவாசனை நாம் வழக்கமாக இரண்டு இடங்களில் வைத்துப் பேசுவோம். ஒன்று, 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே அவர் பத்திரிகை தொடங்கிய சென்னை. இன்னொன்று, 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு அவர் அமர்ந்த லண்டன் வட்டமேசை மாநாடு. இந்த இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வெளிநாட்டில் இருந்தார். அதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகக் கழிந்தது. கரும்புத் தோட்டத் தமிழர்கள் நிறைந்திருந்த நாடு அது. திரும்பி வந்து சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரான பிறகு, 1924இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எதுவானாலும் அங்கே ஒடுக்கப்பட்டவர்கள் போவதை யாரும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். கடலைக் கடந்து போய்வந்த மனிதருக்கு, சொந்த ஊரில் ஒரு தெருவைக் கடக்கச் சட்டமன்றத்தில் தீர்மானம் கேட்க வேண்டியிருந்தது.

அவர் நினைவாக இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதையொட்டியதுதான். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குடும்பத்தோடு விமானமேறிப் பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள். அவர்கள் வந்து சேர வேண்டிய ஊர் எது? அந்த ஊரில் அவர்களை யார் வரவேற்பது? வந்தவர்களிடம் நாம் என்ன சொல்வது, அவர்களிடமிருந்து நாம் என்ன பெற்றுக்கொள்வது? இவைதான் நம் கேள்விகள்.

கையில் ஒரு காகிதத்தோடு வருகிறவர்கள்

திருவண்ணாமலைக்கு வெளிநாட்டார் வருவது புதிதல்ல. ரமணாசிரமத்துத் தெருக்களிலும், கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் அவர்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்கள் மலையைத் தேடி வருகிறவர்கள். நாம் பேசும் விருந்தாளிகள் வேறு. டர்பனிலிருந்தும் மொரீசியஸிலிருந்தும் ரியூனியன் தீவிலிருந்தும் வருகிற, நம் முகச்சாயலே கொண்ட, பெரும்பாலும் தமிழ் பேசத் தெரியாத குடும்பங்கள். அப்பா, அம்மா, கல்லூரி முடித்த பிள்ளைகள், சில வேளை சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. ஓர் உறையில் பத்திரமாக மடித்து வைத்த காகிதம். அதில் அவர்களின் கொள்ளுத்தாத்தா பெயரும், ஒரு கிராமத்தின் பெயரும்.

1860 அக்டோபர் 12ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 342 பேர், 35 நாள் பயணம். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். இன்று அவர்களின் வாரிசுகள் துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ ஒரே நாளில் மீனம்பாக்கம் வந்து இறங்குகிறார்கள். அங்கிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக நான்கு மணி நேரத்தில் நம் ஊர்.

நேட்டால் ஒன்றுதானா? மொரீசியஸில் அடிமைமுறை 1835இல் ஒழிக்கப்பட்டதை ஒட்டி, தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் வேலை தொடங்கியது. ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள். அவர்கள் படியேறிய ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரியூனியனுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், அடுத்த ஆண்டு முதல் குவாதலூப்புக்கும் ஆள் ஏற்றினார்கள். புதுச்சேரி இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகளோடு போனவர்கள் கணக்கு தனி.

பட்டியலில் இருக்கும் பெயர்

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நேட்டாலுக்குப் போன ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல்களின் விவரங்களை டர்பனில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையம் தொகுத்து வைத்திருக்கிறது. மொரீசியஸின் ஆவணங்கள் மோகா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே பலரின் புகைப்படங்களும்கூட உண்டு.

நேட்டால் பட்டியலில் முதலில் ஒரு எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா என்ற குறிப்பு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, வலது கையில் பச்சை என்று எழுதியிருப்பார்கள். இது யாருடைய வரலாற்றையும் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டதல்ல. ஆளை எண்ணவும், ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிக்கவும் எழுதப்பட்டது.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். அதே காலத்து வருவாய்த்துறைப் பதிவேடுகளை மாணவர்கள் ஆவணக் காப்பகத்தில் புரட்டிப் பாருங்கள். மிராசுதார் பெயர் இருக்கும். பட்டாதாரர் பெயர் இருக்கும். கோயிலுக்குக் கட்டளை எழுதிவைத்தவர் பெயர் கல்லிலேயே இருக்கும். அந்த நிலத்தை உழுத படியாளின் பெயர் இருக்காது. அவன் மனைவி பெயர் இருக்காது. சேரி இருந்தால் "இத்தனை குடிசை" என்பதோடு எழுத்து நின்றுவிடும். நிலம் இல்லாதவனுக்குப் பதிவேட்டில் வரி இல்லை, வரி இல்லாதவனுக்குப் பெயரும் இல்லை.

ஆக, 1870களில் இந்த மாவட்டத்துச் சேரி ஒன்றில் வாழ்ந்த ஒரு பண்ணையாளின் பெயர், அவர் தகப்பன் பெயர், அவர் உயரம், அவர் முழங்கால் தழும்பு, இவ்வளவும் எழுத்தில் கிடைக்க வேண்டுமானால், பெரும்பாலும் அவர் ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டும். இங்கேயே இருந்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள். போனவர்களின் பெயர் கடலுக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது.

இன்றைய பேச்சில் நாம் சொல்ல வந்ததன் மையம் இதுதான், தோழர்களே. வேரைத் தேடி வருகிற அந்தக் குடும்பம் நம்மிடம் எதையோ கேட்டு வாங்க வந்திருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் நமக்கு ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். நம் சேரிகளின் தொலைந்துபோன பெயர்ப் பட்டியலின் ஒரு பக்கம் அவர்கள் கையில் இருக்கிறது.

ஏன் போனார்கள்

"ஆசை காட்டி ஏமாற்றிக் கூட்டிப் போனார்கள்" என்று ஒரு கதை உண்டு. பாதி உண்மை. ஆள்பிடிக்கிற மேஸ்திரிகள் பொய் சொன்னார்கள், கடத்தியும் போனார்கள். ஆனால் அந்தக் கதையை மட்டும் சொன்னால், போனவர்கள் எல்லாம் விவரமறியாதவர்கள், ஊர் நல்ல ஊர், வந்தவன்தான் கெடுத்தான் என்றாகிவிடும்.

ஊர் எப்படி இருந்தது? 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமையாக ஒருவரை உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. பண்ணையில் அந்தச் சட்டம் எத்தனை பேருக்குத் தெரியும்? படிக்கு உழைக்கும் படியாள், தலைமுறைக் கடன், ஆண்டை வீட்டுக் களம், எல்லாம் அப்படியே இருந்தன. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணமே பட்டினியில் கிடந்தது. முதலில் செத்தது யார் என்று இந்த அவையில் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சம் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான், 1892இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டிப் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை 1010 வந்தது. அதற்குள் பல கப்பல்கள் போய்விட்டன.

அங்கே போய் என்ன கண்டார்கள்? ஐந்தாண்டு ஒப்பந்தம். நேட்டாலில் முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. தோட்டத்தைவிட்டு அனுமதிச் சீட்டில்லாமல் வெளியே போனால் சிறை. உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாவிட்டால் கூலி வெட்டு. நூறு ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஏற்றப்பட்ட பெண்கள் பட்ட பாடு தனி வரலாறு. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி போட்டது. மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் கப்பலேறு என்பதுதான் அதன் பொருள்.

அதனால் கடல் கடந்ததை விடுதலை என்று கொண்டாடவும் முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பலில் ஒரே அண்டாவில் சமைத்ததை எல்லாச் சாதிக்காரரும் தின்ன வேண்டியிருந்தது. தோட்டத்து லயத்தில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரிக்க இடமில்லை. வெள்ளைக்கார முதலாளிக்கு எல்லாரும் ஒரே 'கூலி'தான். அந்த இழிவு எல்லார் மேலும் விழுந்தது. அதே இழிவு, சாதியின் சில மூட்டுகளைத் தளர்த்தியும் விட்டது. ஒருவன் அடிபடுகிற இடத்திலிருந்து இன்னொரு அடிபடுகிற இடத்துக்குப் போனான். ஆனால் அங்கே அவன் பிள்ளை இன்னாருக்கு ஆள் என்று பிறப்பிலேயே எழுதப்படவில்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காக மனிதர்கள் கடல் கடப்பார்கள்.

போக்கு கடலோடு முடியவில்லை. வட ஆற்காட்டுச் சேரிகள் கோலார் தங்கவயலுக்கும் ஆள் அனுப்பின. ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தரின் குடும்பமும் தங்கவயலுக்குப் போன குடும்பம்தான். சுரங்கத்தில் இறங்கியவர்கள் அங்கே பள்ளி கட்டினார்கள், பத்திரிகை படித்தார்கள், அயோத்திதாசரின் பௌத்த சங்கத்தை வளர்த்தார்கள். ஊரைவிட்டு வெளியேறியது தப்பி ஓடியது மட்டுமில்லை, தலைநிமிர ஓர் இடம் தேடியதும்கூட.

தமிழ் இலக்கியம் இந்தப் பயணத்தைப் பாடியிருக்கிறது. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் துன்புற்ற பெண்களுக்காகப் பாரதி பாடினார். மதிக்கிறோம். ஆனால் அங்கே துன்பப்பட்டவர்கள் 'இந்து ஸ்திரீகள்' ஆனார்கள், 'இந்தியர்கள்' ஆனார்கள், 'தமிழர்கள்' ஆனார்கள். சேரியிலிருந்து போனவர்கள் சேரிக்காரர்களாக எந்தக் கவிதையிலும் ஏறவில்லை. அந்தக் கணக்கை எழுதுவது நம் இலக்கியத்துக்கு விட்டுவைக்கப்பட்ட வேலை.

வண்டி நிற்கும் இடம்

இப்படி வருகிற ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். முதலில் அவர்களுக்கு ஜில்லா குழப்பம். காகிதத்தில் திருவண்ணாமலை தாலுகா, தென்னாற்காடு ஜில்லா என்று இருக்கும். தென்னாற்காடு என்றதும் கடலூருக்குப் போவார்கள். திருவண்ணாமலை தாலுகா அன்று தென்னாற்காட்டில் இருந்தது. 1911 வாக்கில் வடஆற்காட்டுக்கு மாற்றப்பட்டது. 1989இல்தான் தனி மாவட்டமானது. போளூர், வந்தவாசி, ஆரணிக்காரர்கள் காகிதத்தில் வடஆற்காடு இருக்கும். அவர்கள் வேலூரில் தேடுவார்கள். கிராமத்தின் பெயர் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். புதூர் என்றால் எந்தப் புதூர், புதுப்பாளையம் என்றால் எந்தப் புதுப்பாளையம் என்று நமக்கே திண்டாட்டம்.

முதல் நாள் பெரிய கோயில். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார்கள். நட்சத்திரமும் தெரியாது, கோத்திரமும் தெரியாது. சிவகோத்திரம் என்று சொல்லிச் சமாளிப்பார்கள். நாலாயிரம் மைல் தாண்டி வந்தவருக்கு இங்கே கேட்கப்படும் முதல் கேள்வியே பிறப்பைப் பற்றியது.

மறுநாள் கிராமம். வாடகைக் கார் எங்கே நிற்கும்? ஊர் முகப்பில், ஆலமரத்தடியில், மாரியம்மன் கோயிலுக்கு எதிரே. பஞ்சாயத்துக்காரர்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். நாற்காலி வரும், சோடா வரும், சால்வை வரும். கோயிலுக்குள் கூட்டிப்போய் விபூதி பூசுவார்கள். குடும்பமே கண்கலங்கும். எங்கள் முன்னோர் கும்பிட்ட அம்மன் என்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்தக் காகிதத்தின் சாதிக் கட்டத்தை யாரும் வாசிக்கவில்லை. அதில் எழுதியிருப்பது அவர்கள் முன்னோர் அந்தக் கோயிலுக்குள் போனதே இல்லை என்பதற்குச் சாட்சி. பட்டியல் ஊரின் பெயரைச் சொல்கிறது. ஆனால் நம் நாட்டில் ஒரு பெயருக்குள் இரண்டு ஊர் இருக்கிறது. வண்டி நின்றது ஊரில். அவர்கள் வந்து சேர வேண்டியது இன்னும் அரைக் கிலோமீட்டர் தள்ளி.

இது பழங்கதை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நம் மாவட்டத்தில், தண்டராம்பட்டுப் பக்கம், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் எப்போது போனார்கள்? 2023 ஜனவரி 30. எண்பது ஆண்டுகளாக மறுக்கப்பட்ட வாசலுக்குள், மாவட்ட நிர்வாகம் முன்னிற்க, காவல்துறை பாதுகாப்பு கொடுக்க, பொங்கல் பானையோடு நடந்து போனார்கள். ஆலய நுழைவுச் சட்டம் சென்னை மாகாணம் முழுமைக்கும் வந்தது 1947இல். இரண்டுக்கும் நடுவே 76 ஆண்டு.

இதையும் டர்பனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோவில் பெருந்திரளாகக் கூடுகிறார்கள். நம் செஞ்சிப் பக்கத்துத் திரௌபதையம்மன் வழிபாட்டின் தீமிதி கடல் கடந்து அங்கே நடக்கிறது. அந்தக் கோயில்களைக் கட்டியவர்கள் கரும்பு வெட்டிய கூலிகள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே தர்மகர்த்தாக்கள், தீ மிதிப்பவர்கள், கரகம் எடுப்பவர்கள். நீ என்ன சாதி என்று கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. போனவர்கள் தாங்களே கட்டிய கோயிலுக்குள் தலைமுறை தலைமுறையாக நடந்தார்கள். இருந்தவர்கள் தங்கள் ஊர்க் கோயிலுக்குள் போக 2023 வரை காத்திருந்தார்கள்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. 1950இல் நிறவெறி அரசு குழுப் பகுதிகள் சட்டம் போட்டது. டர்பனின் கேட்டோ மேனரில் வேரூன்றி வாழ்ந்த இந்தியர்களை வீட்டைவிட்டுப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் குடிவைத்தது. இன்ன நிறத்தான் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்பது சட்டம். ஆகவே டர்பனிலிருந்து வருகிறவருக்கு நம் சேரியை விளக்கிச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கிற வெற்றிடத்தைக் காட்டினால் போதும். அது என்னவென்று அவருக்குத் தெரியும். ஒரு வித்தியாசம்: அவர்கள் நாட்டில் அந்தச் சட்டம் 1991இல் ரத்தானது. இங்கே சட்டமே இல்லாமல் அது நிற்கிறது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போகட்டும். அரைக் கிலோமீட்டர் எப்போது போகும்?

கப்பலில் திரும்பியவர்கள்

தாயகம் திரும்புதல் என்றதும் விமானமும் மாலையும் நினைவுக்கு வருகின்றன. கையில் காசில்லாமல் திரும்பியவர்களுக்கு இந்தத் தாயகம் என்ன செய்தது என்பதையும் ஒரு வார்த்தை பேசிவிடுவோம்.

1927ஆம் ஆண்டின் கேப்டவுன் ஒப்பந்தத்துக்குப் பின், தென்னாப்பிரிக்காவைவிட்டுப் போகச் சம்மதிக்கும் இந்தியருக்கு 20 பவுன் கொடுத்துக் கப்பலேற்றினார்கள். அப்படி வந்தவர்களின் நிலையைப் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் விசாரித்து 1931இல் அறிக்கை வெளியிட்டார்கள். வேலையில்லை, ஊரில் ஏற்பார் இல்லை, சாதிக் கட்டுக்குள் மறுபடி நுழைய வழியில்லை, திரும்பிப் போகவும் உரிமையில்லை என்பதுதான் வந்தவர்களின் கதியாக இருந்தது.

அடுத்தது மலையகம். 1948இல் இலங்கை அரசு குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள். பிறந்ததே தேயிலை மலையில், பார்த்தே இராத தாயகத்துக்குத் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் வரிசையில் நின்றார்கள். நீலகிரியில் 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து பறிக்கப் போனார்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. இலங்கையில் 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'.

சால்வை போடுவது மனிதருக்கா, விமானச் சீட்டுக்கா என்று கேட்கத்தான் இதைச் சொல்கிறோம்.

சொல்வதா, மறைப்பதா

இனி கடினமான இடத்துக்கு வருகிறோம். டர்பனிலிருந்து வருகிறவரின் குடும்பப் பெயர் கோவெண்டராக இருக்கும். மூட்லியாக, பிள்ளையாக, நாயக்கராக இருக்கும். கவுண்டர், முதலி என்ற சாதிப் பட்டங்கள்தான் அங்கே குடும்பப் பெயர்களாக நிலைத்தன. சிலருக்கு அது முன்னோர் சாதி. சிலர் புதிய மண்ணில் புதிதாகச் சூட்டிக்கொண்டது. யார் கேட்கப் போகிறார்கள்? இன்று அந்தப் பெயரைச் சுமக்கிற பேரன் காகிதத்தில் சாதிக் கட்டத்தைப் பார்க்கிறான். 'பறையா' என்று இருக்கிறது. அதன் பொருள் அவனுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் அது ஒரு வசைச் சொல் என்று மட்டும் தெரியும். அவன் உங்களைப் பார்த்துக் கேட்கிறான்.

மறைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள்தான் சாதி மறந்து நிம்மதியாக இருக்கிறார்களே, நாம் ஏன் அந்தச் சேற்றை எடுத்துப் பூச வேண்டும்? இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. சாதி ஒழிய வேண்டும் என்று பாடுபடுகிற நாமே ஒருவருக்குச் சாதி கொண்டுபோய்க் கொடுப்பதா?

நம் பதில் இது. நாம் கொடுப்பது சாதியை அல்ல, வரலாற்றை. மறைத்தால் அந்த இடம் காலியாக இருக்காது. வழிகாட்டியோ ஊர்ப் பெரியவரோ ஒரு பொய்யை வைத்து நிரப்புவார். "உங்கள் தாத்தா ஜமீன் வம்சம், பங்காளிச் சண்டையில் கோபித்துக்கொண்டு கப்பலேறினார்" என்பார். பிறகு அந்தக் குடும்பம் தன் முன்னோரை ஒடுக்கியவர்களின் கோயிலுக்கே கோபுரத் திருப்பணிக்குப் பணம் அனுப்பும். தன் சொந்த ரத்தம் அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒழுகும் கூரைக்குள் இருப்பது தெரியாமலே விமானமேறிப் போய்விடும். மறைப்பது இரக்கம் போலத் தோன்றும். அது ஊரின் பக்கம் சாய்ந்த இரக்கம்.

அதே நேரம் திணிக்கவும் கூடாது. எழுத்தர் எழுதியது எப்போதும் சரியாக இருக்காது. கப்பலேறச் சாதியை மாற்றிச் சொன்னவர்கள் எல்லாப் பக்கமும் உண்டு. பட்டியலில் பறையரும் உண்டு, பள்ளி என்று எழுதப்பட்ட வன்னியரும் உண்டு, வெள்ளாளரும் ரெட்டியும் உண்டு. பஞ்சம் பலரை விரட்டியது. தேடி வருகிறவர் எல்லாரும் நம்மவர் என்று நாமாக முடிவு கட்ட வேண்டாம். இருப்பதைக் காட்டுவோம், பொருளைச் சொல்வோம். அந்தச் சொல்லுக்கு வெட்கப்பட வேண்டியது அதைச் சுமந்தவர்கள் அல்ல, சுமத்தியவர்கள் என்று சொல்வோம். அந்தப் பெயரையே பத்திரிகையின் தலைப்பாக வைத்து நிமிர்ந்து நின்ற ஒருவர் அவர்கள் நாட்டிலேயே நீதிமன்றத்தில் வேலை பார்த்தார் என்பதையும் சொல்வோம். பிறகு முடிவு அவர்களுடையது.

செய்ய வேண்டியவை

மாணவர்களே, பேச்சோடு இது முடியக் கூடாது. சில வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, கிராமவாரிப் பதிவேடு. கப்பல் பட்டியல்களிலிருந்து நம் மாவட்டத்துக் கிராமங்களின் பெயர்களைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் சிதைந்த பெயரை அடையாளம் காண வெளிநாட்டுப் பேராசிரியரால் முடியாது. இந்த மண்ணில் பஸ்ஸில் போய்வருகிற உங்களால் முடியும். ஒரு வட்டத்துக்கு மூன்று மாணவர்கள் உட்கார்ந்தால் போதும்.

இரண்டாவது, சேரியின் நினைவு. "அக்கரைச் சீமைக்குப் போனவன் திரும்பல" என்று சொல்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஒப்பாரியில் அந்தப் பெயர்கள் வரும். அதைப் பதிவு செய்யுங்கள். பாட்டியின் பாட்டில் வரும் பெயரும் பட்டியலில் இருக்கும் பெயரும் ஒரு நாள் சந்திக்கலாம்.

மூன்றாவது, அரசிடம் ஒரு கோரிக்கை. அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துவந்து பண்பாட்டுச் சுற்றுலா காட்டும் 'வேர்களைத் தேடி' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023 முதல் நடத்துகிறது. அந்தப் பயண வரைபடத்தில் சேரி வேண்டும். பஞ்சமி நிலம் மீட்கப் போராடி 1994இல் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்ட காரணை வேண்டும். பெரிய கோயிலும் மாமல்லபுரமும் மட்டும் வேர் இல்லை.

நான்காவது, குடியுரிமை அட்டை. மொரீசியஸில் வாழும் இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரைக்கும் அயல்நாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை பெறலாம் என்று 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. வம்சாவளியை நிரூபிக்க அவர்கள் பழைய பதிவுகளைத் தேடுகிறார்கள். ஏழு தலைமுறைக்கு முன் கப்பலேறியவருக்கு அந்தக் காகிதம் உரிமை தருகிறது. ஏழு தலைமுறையாக அதே நத்தத்தில் குடியிருப்பவருக்குப் பட்டா தர நம் தாலுகா அலுவலகம் ஆதாரம் கேட்கிறது. இந்த முரணைச் சட்டம் படிக்கிற மாணவர்கள் கையில் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, மொழிபெயர்ப்பு. டர்பன் மருத்துவர் கூனம் எழுதிய 'கூலி டாக்டர்' என்ற தன்வரலாறு, ரோனி கோவெண்டரின் கேட்டோ மேனர் கதைகள் போன்றவை தமிழ் வாசகரிடம் பரவலாக வர வேண்டும். நம் தலித் எழுத்து அவர்களிடம் ஆங்கிலத்தில் போக வேண்டும். விமானம் வருவதற்கு முன் புத்தகம் போய்ச் சேரட்டும்.

கடைசியாக, விருந்தோம்பல் பற்றி ஒரு சொல். வருகிறவர்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சாதியோடு போடாதீர்கள். உதவி கேட்டு முதல் நாளே மனு கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் கூப்பிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். இந்த மண்ணில் யார் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்பதில்தான் அத்தனை வரலாறும் இருக்கிறது. அவர்களுக்கு அது தெரியாமலே குடிப்பார்கள். பிறகு அரைக் கிலோமீட்டரையும் அவர்களோடு சேர்ந்து நடந்து காட்டுங்கள், ஊர்த் தெரு வழியாகவே.

1924இல் தாத்தா சீனிவாசன் கேட்டது அந்தத் தெருவைத்தான். அந்தத் தெருவில் கடல் கடந்தவர்களின் பிள்ளைகளும் ஊரிலேயே கிடந்தவர்களின் பிள்ளைகளும் யாருடைய அனுமதியும் காவலும் இல்லாமல் சேர்ந்து நடக்கிற நாள்வரை நமக்கு வேலை இருக்கிறது.